கொழுக்கட்டை வண்டியின் நாலாவது ஆள்

ஜூன் 6

வண்டி வந்துவிட்டது. அதை வண்டி என்று ஒப்புக்கொள்ளத்தான் தெருவில் யாரும் தயாராக இல்லை.

முன்னால் மூக்கே கிடையாது. இரண்டு பெரிய வட்ட விளக்குகள், எதையோ பார்த்துத் திகைத்தவர் மாதிரி முழிக்கின்றன. நடுவில் உப்பலாக இருக்கிறது. பின்னால் கத்தியால் நறுக்கியது போல் சட்டென்று முடிந்துவிடுகிறது. நிறம், அரைத்த கடுகு மஞ்சள். பின் கதவுக்குக் கைப்பிடி எங்கே என்று நான் வெகுநேரம் கதவைத் தடவிக்கொண்டு நின்றேன். அது மேலே, ஜன்னல் மூலையில், கறுப்புக்குள் கறுப்பாக ஒளிந்திருக்கிறது. இதைச் செய்த கம்பெனி கொஞ்ச காலம் விற்றுப் பார்த்துவிட்டு, போதும் சாமி என்று நிறுத்திவிட்டதாம். அதனால்தான் பழைய வண்டியாக எங்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தது.

எதிர்வீட்டு வடிவு வாசலில் நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"என்ன செண்பகம், கொழுக்கட்டைக்குச் சக்கரம் மாட்டுன மாதிரில்லா இருக்கு."

நான் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய. அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

ஆனால் இதை எழுதியாக வேண்டும். பைக்கிலிருந்து விழுந்து முட்டியில் ஆபரேஷன் ஆன பிறகு, என் வீட்டுக்காரரால் எந்தக் காரிலும் ஏறமுடியவில்லை. தாழ்ந்த சீட்டில் காலை மடக்கும்போது பல்லைக் கடிப்பார். தன் போட்டோ பிரேம் கடைக்குப் போவதே நின்றுபோகும் போல் இருந்தது. இந்தக் கொழுக்கட்டையில் சீட்டு நாற்காலி உயரத்தில் இருக்கிறது. இவர் நின்றவாக்கிலேயே உட்கார்ந்தார், முகம் சுளிக்கவில்லை. அழகு கெட்டால் கெட்டுப் போகட்டும்.

ஜூன் 8

வண்டிக்குப் பூசை போட இலஞ்சி கோயிலுக்குப் போனோம். கிளம்புவதற்குள் ஒரு கூத்து.

நல்ல காரியத்துக்கு மூன்று பேராகக் கிளம்பக் கூடாது என்று எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எதற்கு வம்பு. எங்கள் வீட்டில் இருப்பதோ மூன்றே பேர்: இவர், நான், இவருடைய தங்கை உலகம்மாள். பிள்ளை பிறந்திருந்தால் இந்தக் கணக்கே வந்திருக்காது. அது கிடக்கட்டும்.

உலகு கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்தவள். எட்டு வருஷமாக எங்களோடு இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். யார் வீட்டு விசேஷம் என்றாலும் அவளாகவே ஒதுங்கிக்கொள்வாள். இன்றைக்கும் அதையே சொன்னாள்.

"அண்ணனும் மைனியும் போயிட்டு வாங்க. எனக்கு வேலை கெடக்கு."

ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை. எட்டு வருஷமாக இதே வாக்கியம். மூன்றை இரண்டாக்கத் தன்னையே கழித்துக்கொள்கிறாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நேரே அடுப்படிக்குப் போய், இஞ்சி தட்டும் சின்னக் குழவியை எடுத்து வந்து பின்சீட்டில் வைத்தேன்.

"இப்ப நாலு பேரு. ஏறுட்டி."

கல்லை ஒரு ஆளாகக் கணக்குக் காட்டுவது ஊரில் நடக்கிறதுதான். உலகு கொஞ்ச நேரம் குழவியைப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து, அதற்கு சீட் பெல்ட்டை மாட்டிவிட்டாள். கோயில் வரைக்கும் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே போனோம்.

ஜூன் 15

சாரல் தொடங்கிவிட்டது. வண்டியில் கண்டுபிடித்த குறைகள்: பின்னால் கேஸ் சிலிண்டர் நுழையாது. அரிசி மூட்டையைப் பின்சீட்டில் விருந்தாளி மாதிரி உட்காரவைத்துத்தான் கொண்டுவர வேண்டும். பின்கண்ணாடிக்கு வைப்பர் இல்லை. ஈரத்தில் உள்ளே புகை மூடினாற்போல் ஆகிவிடுகிறது. இவர் "உலகு, கண்ணாடி" என்பார். அவள் திரும்பி முந்தானையால் துடைப்பாள்.

நிறை ஒன்றே ஒன்று. மூன்று பேரும் நனையாமல் வீடு வந்து சேர்கிறோம். அதற்கே தினமும் ஒரு கும்பிடு போடலாம்.

ஜூன் 24

பெட்ரோல் பங்கில் ஓர் அதிசயம். எங்கள் வண்டிக்குப் பின்னால் இன்னொரு கொழுக்கட்டை வந்து நின்றது. பச்சை நிறம். உலகத்தில் இன்னொருவரும் ஏமாந்திருக்கிறார் என்று எனக்கு அவ்வளவு ஆறுதல்.

இறங்கி வந்தவருக்கு நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். பெயர் ஐயாத்துரை. சுரண்டைச் சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை. வண்டிக்குள்ளிருந்து மல்லி இலை வாசம் குப்பென்று வந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அண்ணாச்சி, இதுக்குப் பின்லைட்டு எங்க வாங்குதிய? நான் ஊரெல்லாம் அலைஞ்சிட்டேன்."

இவருக்குக் கேட்க வேண்டுமா. இரண்டு பேரும் பங்கின் ஓரத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு, பிள்ளை வளர்ப்பதைப் பற்றிப் பேசுவது போல் பேசிக்கொண்டே இருந்தார்கள். போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். கிளம்பும்போது அவர் இரண்டு முறை ஹார்ன் அடித்தார். இவரும் திருப்பி இரண்டு முறை அடித்தார். சின்னப் பிள்ளைகள் தோற்றார்கள்.

ஜூலை 1

ஐயாத்துரை வீட்டுக்கு வந்தார். மதுரையில் பழைய சாமான் கடையில் பின்லைட்டு இரண்டு கிடைத்ததாம், ஒன்றை எங்களுக்கென்று கொண்டுவந்தார். கூடவே ஒரு பை கத்தரிக்காய், ஒரு கட்டு மல்லி. எங்கள் வண்டியில் லைட் நன்றாகவே இருக்கிறது என்று சொன்னேன்.

"ஒடைஞ்ச பொறவு தேடுனா கெடைக்காது மைனி. வச்சிக்கிடுங்க."

சம்சாரம் தவறி ஐந்து வருஷமாகிறதாம். அக்கா பக்கத்துத் தெருவில் இருக்கிறார். சோறு அங்கேதான். இதெல்லாம் நான் கேட்காமலே இவர் கேட்டு வாங்கிவிட்டார்.

உலகு டீ கொடுத்தாள். முதன்முதலாகத் தன் வண்டியில் ஏறிய மாட்டு டாக்டர் கைப்பிடியைக் காணாமல் ஜன்னல் வழியாக உள்ளே இறங்கிய கதையை ஐயாத்துரை சொன்னார். உலகு சிரித்தாள். வாயைப் பொத்தாமல் சிரித்தாள். நான் கத்தரிக்காயைத் தண்ணீரில் போட எழுந்து போனேன்.

ஜூலை 10

ஐயாத்துரையின் அக்கா போன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை. "என் தம்பிக்கு உங்க உலகைக் கேக்கணும்னு நெனைக்கோம். அவளுக்கு மனசிருந்தாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

இவர் நொண்டிக்கொண்டே வீடு முழுவதும் நடந்தார். கண் கலங்கிவிட்டது இவருக்கு. உலகிடம் கேட்டோம்.

"உங்க இஷ்டம்" என்றாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

நல்ல விஷயம். எனக்கும் சந்தோஷம்தான். தோசை மாவு புளித்துப்போய்விட்டது. நாளைக்கு ஊத்தப்பம்தான்.

ஜூலை 17

ஆடி பிறந்தாயிற்று. இனி ஒரு மாதத்துக்கு இந்தப் பேச்சையே எடுக்க முடியாது. ஆடி மாதம் எதற்கு இருக்கிறது என்று இதுவரை எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஜூலை 25

ஐயாத்துரையைப் பற்றி நியாயமாக யோசித்துப் பார்த்தேன். குணம் தங்கம் என்று சந்தையில் நாலு பேர் சொல்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மீசை கொஞ்சம் பெரிது. சுரண்டையில் வெயில் அதிகம், இங்கே மாதிரி சாரல் கிடையாது. உலகுக்கு வெயில் ஆகாது. வீட்டில் எப்போதும் வெங்காய வாசம் இருக்கும். இதை இவரிடம் சொன்னேன்.

"நம்ம வீட்ல ரோசாப்பூ வாசமா வருது?" என்றார்.

காலையில் இவர் பள்ளிக்கூட மைதானத்திலும் அதைச் சுற்றிய ரோட்டிலும் உலகுக்கு வண்டி ஓட்டப் பழக்குகிறார். எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று. நான் பின்னால் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கியரும் கிளட்சும் அவளுக்கு இரண்டு நாளில் பிடிபட்டுவிட்டது. வண்டி சின்னதாகத் தெரிந்தாலும் உயரமாக இருப்பதால் ரோடு முழுக்க அவள் கண்ணுக்குத் தெரிகிறதாம். "மைனி, எல்லாம் நமக்குக் கீழ இருக்கு" என்றாள். பாவாடை சட்டை போட்ட பிள்ளை மாதிரி இருந்தது அவள் முகம்.

ஆகஸ்ட் 5

நாலு நாளாகக் காய்ச்சல். எழுத முடியவில்லை. உலகு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். டாக்டரிடம் அவள்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள், இவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் முன்கூட்டியே சொன்னாள்: "மைனி, பிடிச்சிக்கிடுங்க." வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதே எனக்குத் தெரியவில்லை.

கஞ்சியில் உப்பு சரியாக இருந்தது. நான் போட்டாலே ஒரு நாளைக்குக் கூடும், ஒரு நாளைக்குக் குறையும். அவள் போட்டால் சரியாக இருக்கும். இந்த எட்டு வருஷத்தில் இதை ஒரு நாளாவது அவளிடம் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்தேன்.

ஆகஸ்ட் 18

ஆவணி வந்துவிட்டது. அக்கா போன் செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வரச் சொல்கிறார். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கமில்லை என்றேன். "அவ இருக்கப்போற வீடு. அவ பாக்காம வேற யாரு பாக்க?" என்கிறார்.

ஆகஸ்ட் 22

சுரண்டைக்குப் போய் வந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் எல்லாம் நான்தான் எடுத்து வைத்தேன். வெற்றிலை பாக்கு, பழம், பூ, அக்காவுக்கு ஒரு புடவை, இவருடைய மாத்திரை, சாரலுக்குக் குடை, தண்ணீர்ப் பாட்டில், உலகுக்கு வாந்தி வந்தால் என்று எலுமிச்சம்பழம்கூட. குழவியை மறந்துவிட்டேன். அவசரத்தில் யாருக்குத்தான் மறக்காது.

சுந்தரபாண்டியபுரம் தாண்டி, இரண்டு பக்கமும் சூரியகாந்தி பூத்துக் கிடக்கிற இடத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டேன்.

"ஏங்க, குழவிய எடுத்து வைக்கல. மூணு பேராத்தான் வந்திருக்கோம். திரும்பிப் போயிருவமா? இன்னொரு நாள் வந்துக்கிடலாம்."

இவர் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தார். இவருக்கும் அந்த நம்பிக்கை உண்டு, வெளியே காட்டமாட்டார். உலகு புருஷன் வீட்டுக்குப் போன அந்த முதல் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்க இவர் மூன்று பேராகப் போனதை இவருடைய அம்மா சாகும்வரை சொல்லிக் காட்டினார்கள்.

"என்ன உலகு, திரும்பிருவமா?" என்று கேட்டார்.

நான் அவளைப் பார்த்தேன். எனக்கு அவளைத் தெரியும். "சரி அண்ணே, வீட்டுக்குப் போவோம்" என்று சொல்வாள். இல்லாவிட்டால் "நான் இங்ஙனயே பஸ் ஏறிக்கிடுதேன், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்பாள். இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

அவள் கதவைத் திறந்தாள். இறங்கி, ரோட்டோரச் சரிவில், பட்டுப்புடவையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். பார்த்தாள், கீழே போட்டாள். வேறொன்றை எடுத்தாள். மண்ணைத் தட்டி, முந்தானையால் துடைத்து, கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப நாலு பேரு. போலாம் அண்ணே."

முகம் சிவந்திருந்தது. நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் வண்டியை எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்க இஷ்டம் என்றவளுக்குள் இவ்வளவு ஆசை இருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தன்னைக் கழித்துக்கொண்டவள் இன்றைக்குத் தன்னைச் சேர்த்துக்கொள்ள ஒரு கல்லைத் தேடி எடுத்திருக்கிறாள். எனக்கு வந்தது அழுகையா, வெட்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வீடு நன்றாக இருக்கிறது. வெளிச்சம் உண்டு, கிணற்றில் நல்ல தண்ணீர். நான் குடித்துப் பார்த்தேன். உப்பு இல்லை. அக்கா உலகின் கையைப் பிடித்து அடுப்படியைக் காட்டினார். "இங்க எது எங்க இருக்கணும்னு நீதான் சொல்லணும்" என்றார். ஐயாத்துரை முற்றத்தில் நின்று, எங்கள் வண்டியின் டயரில் காற்று குறைந்திருக்கிறது என்று பம்பை எடுத்து அடித்துக்கொண்டிருந்தார். பார்க்கவேண்டியவளைப் பார்க்காமல் டயரையே பார்த்த மாப்பிள்ளை அவர் ஒருவராகத்தான் இருப்பார். மீசையும் அவ்வளவு பெரிதில்லை.

தேதி குறித்தாயிற்று.

ஆகஸ்ட் 23

தலைவலி. ஒன்றும் எழுதவில்லை.

செப்டம்பர் 7

கல்யாணம் முடிந்தது. இலஞ்சி கோயிலில், சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். பெண்ணை இந்தக் கொழுக்கட்டையிலா கூட்டிக்கொண்டு போவீர்கள், வெள்ளையில் பெரிய வண்டி ஒன்று வாடகைக்குப் பிடியுங்கள் என்று வடிவு இவரிடம் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உலகு காதில் விழுந்துவிட்டது.

"பெரிய வண்டியில ஏறிப் போனேன்லா ஒரு தடவை. எனக்கு இதுவே போதும் வடிவக்கா."

காலையில் வடிவே வந்து வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். அதை மனதார எழுதி வைக்கிறேன்.

தாலி ஏறும்போது இவர் அழுதார். நான் அழவில்லை. எனக்குப் பந்தியில் வேலை இருந்தது.

சாயங்காலம் அவர்கள் பச்சை வண்டியில் ஏறினார்கள். நாங்கள் மஞ்சளில். கோயில் வாசலில் அது வலப்பக்கம் திரும்பியது, நாங்கள் இடப்பக்கம். இரண்டு முறை ஹார்ன் அடித்தார் ஐயாத்துரை. இவருக்குத் திருப்பி அடிக்கத் தோன்றவில்லை. நான் எட்டி அடித்தேன்.

செப்டம்பர் 9

கடையிலிருந்து வரும்போது நல்ல மழை. இவர் வழக்கம்போல் "உலகு, கண்ணாடி" என்றார். நான் இறங்கிப் பின்னால் ஏறி உட்கார்ந்து முந்தானையால் துடைத்தேன். வீடு வரைக்கும் பின்னாலேயே இருந்தேன்.

செப்டம்பர் 28

தினமும் போன் செய்கிறாள். லைசென்ஸ் வந்துவிட்டது. பள்ளிக்கூட வேலைக்கு மாறுதல் கேட்டிருக்கிறாள். அக்கா நல்லவர். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. நல்லபடியாக இருக்கிறது என்று நான் நாளுக்கு மூன்று தடவை சாமிப் படத்தின் முன் நின்று சொல்கிறேன்.

அக்டோபர் 11

காலையில் வாசலில் இரண்டு தடவை ஹார்ன் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பச்சை வண்டி, எங்கள் மஞ்சளுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் நிற்கிறது. டிரைவர் பக்கத்திலிருந்து உலகு இறங்கினாள். கூட யாரும் இல்லை. சுரண்டையிலிருந்து தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஒரு கொழுக்கட்டையவே தெரு தாங்கல, இப்ப ரெண்டா" என்றாள் வடிவு. சொல்லிக்கொண்டே வந்து உலகின் கன்னத்தை வழித்தாள்.

ஒரு கூடை பீன்ஸ் கொண்டுவந்திருந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் நறுக்கினோம். காபி போட்டுக் கொடுத்தேன். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், நல்லது. மாமியார் இல்லாத வீடு, அக்காவின் சமையல், சந்தையில் வெங்காய விலை, எல்லாம் பேசினோம். பிறகு கையில் இருந்த பீன்ஸைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மைனி, அன்னைக்கு நீங்க குழவிய மறக்கல, இல்லியா?"

என் கத்தி நின்றுவிட்டது. "அவசரத்துல..." என்று ஆரம்பித்தேன். எலுமிச்சம்பழம் வரைக்கும் எடுத்து வைத்தவள் நான். அவள்தான் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"கோவத்துல கேக்கல மைனி. எனக்கு அங்ஙன ரோட்லயே தெரியும்." அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அவரு தவறிப் போன பொறவு, என்னைய எங்க கொண்டு போய் விடலாம்னுதான் எல்லாரும் பாத்தாவ. மாமியார் வீட்ல அண்ணன் வீட்டுக்குப் போன்னாவ. சொந்தக்காரங்க ஆஸ்டல்ல சேத்து விடுங்கன்னாவ. நான் எந்த வீட்லேர்ந்து கெளம்பினாலும் அந்த வீட்டுக்கு நிம்மதியாத்தான் இருந்திருக்கு. இவ போயிரக் கூடாதுன்னு ஒரு ஆளு, சகுனத்தக் கூடக் கெடுத்துப் பாத்திச்சின்னா..."

இன்னொரு பிடி பீன்ஸை எடுத்து நாரை உரித்தாள்.

"புது வீட்ல மொத ராத்திரி எல்லாம் பயமாத்தான் இருந்துது. அதைய நெனைச்சிக்கிட்டேன். நான் இல்லாம ஒரு வீட்டுக்குக் குறையா இருக்குன்னு. அந்தத் தைரியத்துலதான் மைனி அங்க இருக்கேன்."

நான் அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். கஞ்சிக்கு, எட்டு வருஷத்துக்கு, இப்போது சொன்னதற்கு. வாய்வரை வந்தது. வந்து, "காபி ஆறிப் போவுது, குடி" என்று மாறி விழுந்தது.

உலகு சிரித்துக்கொண்டே குடித்தாள்.